மூடியில் ஒரு கொசு

மார்ச் 3

அன்புள்ள மச்சினனுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ நலமா என்று உன் அக்கா கேட்கச் சொன்னாள், கேட்டுவிட்டேன். போனில் பேசிவிடலாமே என்றால் அவளே வேண்டாம் என்கிறாள். "ரெண்டு பேரும் முதல் நிமிஷத்துலயே குரலை ஏத்துவீங்க. எழுதுங்க. எழுதினா கோபம் வர்றதுக்குள்ள கை வலிச்சிடும்" என்றாள். உங்கள் குடும்பத்துக்கே இந்த வாய் எங்கிருந்து வந்தது என்று இருபத்திரண்டு வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் இரண்டு சீட்டு விமானத்துக்கு உடம்பு சரியில்லை. 'நம்' என்பதை அடித்துவிட்டு 'ஃப்ளையிங் கிளப்பின்' என்று எழுத நினைத்தேன். காகிதம் அசிங்கமாகிவிடும் என்று விட்டுவிட்டேன். நீ ஒன்றும் அர்த்தம் எடுத்துக்கொள்ளாதே.

தரையில் ஓட்டினால் எஞ்சின் மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி அத்தனை அடக்கம். முழு வேகம் கொடுத்தால் நிமிஷத்துக்கு 2,300 சுற்று, ஒரு முனகல் கிடையாது. மேலே போய்க் கொஞ்ச நேரம் ஆனதும் சுற்று 1,900-க்கு இறங்கிவிடுகிறது. இருமுகிறது. உதறுகிறது. இதுவரை மூன்று தடவை. மூன்று தடவையும் கிளப் கேப்டன் எப்படியோ ஓட்டிவந்து இறக்கிவிட்டார். இறங்கியதும் ஓடிப்போய்ப் பார்த்தால் மறுபடியும் மாப்பிள்ளை.

ஸ்பார்க் ப்ளக் எட்டையும் கழற்றித் துடைத்தேன். வடிகட்டியில் தண்ணீர் இல்லை. கார்புரேட்டரைப் பிரித்து மேஜைமேல் பரப்பிவைத்து ஒரு நாள் முழுக்க முறைத்தேன்; அதுவும் என்னை முறைத்தது. மஃப்ளருக்குள் ஏதாவது உடைந்து வழியை அடைக்கிறதா என்று விளக்கடித்துப் பார்த்தேன். சிலிண்டர் நான்கிலும் அழுத்தம் சரி. எனக்குத்தான் அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கிறது.

ஏறாமல் என்ன செய்யும். 28-ஆம் தேதி கொசு தனியாக ஓட்டிக் காட்ட வேண்டிய நாள். கொசு என்று நீ வைத்த பெயர்தானே. ஆறு வயதில் ஹேங்கர் கொட்டகைக்குள் எல்லோர் காதையும் சுற்றிவந்தாள் என்று நீ ஒரு தடவை சொன்னாய், அதோடு ஒட்டிக்கொண்டது. பெற்ற அப்பன் நான் வைத்த பெயர் பள்ளிக்கூடச் சான்றிதழில் மட்டும் உயிரோடு இருக்கிறது.

25-க்குள் கோளாறைப் பிடிக்காவிட்டால் இறக்கையைக் கழற்றி, லாரியில் ஏற்றி, நீ வேலை செய்கிற பட்டறைக்கே அனுப்பிவிடுவேன் என்கிறார் கேப்டன். அப்படிச் சொல்லிவிட்டு, "உங்க மச்சினன் மட்டும் இங்க இருந்திருந்தா..." என்று இழுத்தார். அந்த இழுப்பு இருக்கிறதே, அது என் காதுக்குள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. எஞ்சின் அவ்வளவு நேரம் ஓடியிருந்தால் உனக்கு எழுதியிருக்கவே மாட்டேன்.

ஏதாவது தோன்றினால் எழுது. தோன்றாவிட்டாலும் தோன்றவில்லை என்று எழுது. எனக்கு அது இன்னும் நல்லது.

உன் அத்தான்


மார்ச் 7

மதிப்புக்குரிய அத்தானுக்கு,

கடிதம் கிடைத்தது. அக்காவுக்கு நான் நலம் என்று சொல்லவும்.

போன வருஷம் கொசு எல்லோர் முன்னாலும், "பதிவேட்டுல மாமா கையெழுத்து இருந்தாதான் நான் ஏறுவேன்" என்று விளையாட்டாகச் சொன்னாள். மறுநாள் காலையில் நான் முறுக்கிவைத்த நட்டுகள் ஒவ்வொன்றிலும் நீங்கள் மறுபடி ஸ்பேனர் வைத்துப் பார்த்தீர்கள். பதினாறு நட்டு. கேப்டன் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றுகூடத் தளர்ந்திருக்கவில்லை. இதை ஏன் எழுதுகிறேன் என்றால், நான் ஏன் கிளம்பி வந்தேன் என்பதை நீங்கள் ஊரெல்லாம் 'நல்ல வேலை கிடைத்தது' என்று சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

இனி விமானம்.

மூன்று தடவையும் ஏறி எத்தனையாவது நிமிஷத்தில் சுற்று இறங்கியது? ஒவ்வொரு தடவையும் தொட்டியில் எவ்வளவு பெட்ரோல்? சுற்று இறங்கியபோது கேப்டன் வேகத்தைக் குறைத்ததும் எஞ்சின் அமைதியானதா, அப்போதும் உதறியதா? கீழே வந்ததும் நீங்கள் முதலில் தொடுவது எதை?

கடைசியாக நன்றாக ஓடிய நாளுக்குப் பிறகு அந்த விமானத்துக்கு என்னென்ன செய்தீர்கள் என்று முழுசாக எழுதவும். துணியால் துடைத்திருந்தால் அதையும். நீங்கள் முக்கியமில்லை என்று நினைப்பதுதான் எனக்கு வேண்டும்.

உங்கள் மச்சினன்


மார்ச் 11

அன்புள்ள மச்சினனுக்கு,

பதினாறு இல்லை. பதினான்கு நட்டு. எண்ணியது நான்.

போலீஸ்காரர் மாதிரிக் கேட்டிருக்கிறாய், குற்றவாளி மாதிரியே பதில் சொல்கிறேன். முதல் தடவை தொட்டி பாதிதான் இருந்தது, முப்பத்தைந்தாவது நிமிஷம். இரண்டாவது தடவை முக்கால், இருபத்தைந்து. மூன்றாவது தடவை, ஒருவேளை பெட்ரோல் குறைவதால்தான் வருகிறதோ என்று வழிய வழிய நிரப்பி அனுப்பினேன். பதினான்காவது நிமிஷமே இருமிவிட்டது. தின்னத் தின்னச் சோர்ந்து போகிற எஞ்சினை இப்போதுதான் பார்க்கிறேன். சாப்பாட்டுக்குப் பிறகு நானும் அப்படித்தான் என்கிறாள் உன் அக்கா.

வேகத்தைக் குறைத்தால் அமைதியாகிவிடுகிறதாம். கூட்டினால் உதறுகிறதாம்.

கீழே வந்ததும் எதை முதலில் தொடுவேன் என்கிறாயே, இது ஒரு கேள்வியா. எஞ்சினுக்கு முதலில் வயிறு பார்க்க வேண்டும். தொட்டி மூடியைத் திறந்து, குச்சியை விட்டு, எவ்வளவு இருக்கிறது என்று அளந்துவிட்டுத்தான் மற்றதெல்லாம். முப்பது வருஷமாக அப்படித்தான். மூடியைத் திறக்காமல் நான் எஞ்சினை முடுக்கியதே கிடையாது.

கடைசியாக நன்றாக ஓடியது பிப்ரவரி 10. அதற்குப் பிறகு எண்ணெய் மாற்றினேன். இடது சக்கரத்துக்குக் காற்றடித்தேன். பேட்டரி முனையைச் சுரண்டினேன். கொசுவின் இருக்கைப் பட்டையைத் தைத்தது உன் அக்கா. அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவி, மெழுகு தேய்த்து, பளபளவென்று வைத்திருக்கிறேன். பார்க்கிறவர்கள் புதுசா என்று கேட்கிறார்கள். அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம். நேற்று மேஜைமேல் கொசு உனக்கு எழுதிய கடிதம் கிடந்தது. நான் படிக்கவில்லை. நாலு பக்கம் என்பது மட்டும் தெரியும், ஐந்தாவது பக்கத்தில் மூன்று வரி என்பதும் தெரியும். என்னோடு அவள் ஒரு நாளைக்குப் பேசுவது, "அப்பா, சாவி எங்க?" அதற்கு நான் பதில் சொல்வதற்குள் அவளே கண்டுபிடித்துவிடுகிறாள். உனக்கு ஐந்து பக்கம் எழுத அப்படி என்ன இருக்கிறது? தெரிந்தால் சொல், நானும் ஊரைவிட்டுப் போய்ப் பார்க்கிறேன்.

விமானம் ஹேங்கரில்தான் நிற்கிறது. சாவியைக் கேப்டன் தன் பையில் போட்டுக்கொண்டு, என்னைப் பார்க்கும்போதெல்லாம் குலுக்குகிறார்.

உன் அத்தான்


மார்ச் 14

மதிப்புக்குரிய அத்தானுக்கு,

இன்று மதியம் உங்கள் கடிதம் வந்தது. படித்து முடித்ததும் தெரிந்துவிட்டது. தொட்டிக்கு மூச்சு முட்டுகிறது.

பெட்ரோல் கீழே இறங்க இறங்க அந்த இடத்துக்கு வெளியிலிருந்து காற்று உள்ளே வர வேண்டும். வராவிட்டால் தொட்டி பெட்ரோலை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். தொட்டி நிறைந்திருந்தால் மேலே இருக்கும் காற்று கொஞ்சம்தான், அதனால் சீக்கிரம் மூச்சு முட்டும். பாதி இருந்தால் தாமதமாகும். வேகத்தைக் குறைத்தால் எஞ்சின் கேட்பது குறைவு, கிடைப்பதை வைத்து ஓடும். நீங்கள் எழுதிய நிமிஷக் கணக்கு எல்லாம் இதற்குப் பொருந்துகிறது.

கீழே வந்ததும் நீங்கள் மூடியைத் திறக்கிறீர்கள். 'உஸ்' என்று ஒரு சத்தம் வந்திருக்கும். புரொப்பெல்லர் நிற்கும் சத்தத்தில் கேட்டிருக்காது. அந்த நொடியே காற்று உள்ளே போய்விடும், நோய் தீர்ந்துவிடும். பிறகு எதைத் தேடினாலும் கிடைக்காது. ஒவ்வொரு தடவையும் நீங்களே குணப்படுத்திவிட்டு, நோயைக் காணோம் என்கிறீர்கள்.

அந்தத் தொட்டிக்குக் காற்று வர ஒரே வழி மூடியில் உள்ள துளை. ஊசி நுழையும் அளவு. அது எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் மறந்துபோகிறது என்பதால்தான் ஏழு வருஷத்துக்கு முன்னால் மூடிமேல் சிவப்பு எனாமலில் ஒரு கொசு வரைந்தேன். அது கடிக்கிற ஊசி முடிகிற இடத்தில் துளை. கொசுவைப் பார்க்கிறவன் துளையைப் பார்த்தே ஆக வேண்டும். மருமகளைக் கொஞ்சுவதற்காக வரைந்தேன் என்று நீங்கள் நினைத்திருக்கலாம். அதுவும்தான்.

ஐந்து பக்கத்தில் அவள் என்ன எழுதினாள் என்று கேட்டிருந்தீர்கள். நாலு பக்கமும் உங்களைப் பற்றித்தான். அப்பா சாப்பிடுவதில்லை, அப்பா கார்புரேட்டரோடு பேசுகிறார், அப்பாவுக்கு உதவுங்கள் மாமா. கடைசி மூன்று வரியில், மூடியிலிருந்த கொசு பெட்ரோல் பட்டு அழிந்துவிட்டதாக நீங்கள் சொன்னதாக எழுதியிருந்தாள். எனாமல் பெட்ரோலுக்கு அழியாது. யார் என்ன பூசினார்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. மூடியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பார்க்கிற வரை யாரும் ஏறக்கூடாது.

இங்கே என்னை விசாரிக்க யாரும் இல்லை. நாற்பது விமானம் வருகிறது, போகிறது. எனக்குக் கொடுத்திருப்பது ப்ளக் துடைக்கிற வேலை. சைக்கிள் கடைக்கு மேலே ஒரு அறை. உங்களைத் திட்ட வீட்டில் இரண்டு பேர் இருக்கிறார்கள்.

உங்கள் மச்சினன்


மார்ச் 18

மச்சினா,

உன் கடிதம் இன்று காலை பத்து மணிக்கு வந்தது. விமானம் ஒன்பது ஐம்பத்தாறுக்கு மேலே போய்விட்டிருந்தது.

இரு, திட்டாதே. சொல்லி முடித்துவிடுகிறேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்க எனக்கு மனசு வரவில்லை. நீ சொல்லி அது சரியாகிவிட்டால் அப்புறம் ஆயுசுக்கும் அந்த இழுப்பைக் கேட்க வேண்டும். ப்ளக்குக்குப் பொறி கொடுக்கிறதுதான் சரியில்லையோ என்று நேற்று இருப்பிலிருந்த மேக்னெட்டோவை எடுத்து மாட்டினேன். முடுக்கினேன், ஓடியது. ஓடாமல் என்ன, மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத்தானே முடுக்கினேன். பதிவேட்டில் 'கோளாறு நீக்கப்பட்டது' என்று எழுதி, வழக்கத்தைவிடப் பெரிதாகக் கையெழுத்துப் போட்டேன். காலையில் தொட்டியை நிரப்பிக் கொடுத்தேன். கேப்டன் தனியாகப் போய்ச் சோதிப்பதாகத்தான் இருந்தார். கொசு ஹெட்போனை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"நீ எதுக்கும்மா இப்ப?" என்றார்.

"அப்பா கையெழுத்துப் போட்டிருக்கார்ல. நான் வரேன்."

அந்த நிமிஷம் எனக்கு எப்படி இருந்தது என்று உனக்கு எழுத மாட்டேன். எழுதினால் நீ பொறாமைப்படுவாய் என்று அப்போது நினைத்தேன். அப்படியே நினைத்தேன், மச்சினா. உனக்கு இதை எப்படி எழுதலாம் என்று வாக்கியம்கூடத் தயார் செய்துகொண்டிருந்தேன்.

தபால்காரர் வந்தார். கொசுவின் ஊசி முடிகிற இடத்தில் துளை என்ற வரிக்கு வந்ததும் காகிதத்தைக் கீழே போட்டேன்.

பூசியது நான்தான். பிப்ரவரி 11. கிளப்பைப் பார்க்க யார் வந்தாலும் முதலில் அந்த மூடியிடம் போய், "இது யார் வரைஞ்சது?" என்பார்கள். கேப்டன் உன் புராணத்தை ஆரம்பிப்பார். முப்பது வருஷமாக அந்த எஞ்சினை உயிரோடு வைத்திருக்கிறவன் நான், பக்கத்திலேயே துணியும் கையுமாக நிற்பேன், என்னை யாரும் கேட்பதில்லை. அது கொசு மாதிரியும் இல்லை, காலொடிந்த நாற்காலி மாதிரி இருக்கும். வெள்ளை பெயின்ட், இரண்டு கை. அழகாகப் பூசினேன். வேலையில் குறை சொல்ல முடியாது.

அலுவலக அறைக்கு ஓடினேன். நான் ஓடி நீ பார்த்ததில்லை, இன்று பார்த்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். ரேடியோவைப் பிடித்து, "வேகத்தைக் குறைங்க, இன்னும் ஏறாதீங்க, அப்படியே திரும்புங்க" என்றேன்.

கேப்டன், "எல்லாம் நல்லாத்தானே ஓடுது, எதுக்கு?" என்றார்.

"தொட்டிக்கு மூச்சு இல்லை. மூடித் துளை அடைஞ்சிருக்கு."

"எப்படி அடைஞ்சுது?"

அந்த அலைவரிசையை யார் யாரெல்லாம் கேட்பார்கள் என்று உனக்குத் தெரியும். பக்கத்து விமானத் தளம் வரை கேட்கும். "நான்தான் பெயின்ட் அடிச்சேன்" என்றேன். "எதுக்குய்யா அடிச்ச?" என்றார். "பொறாமையில அடிச்சேன்" என்றேன். அப்புறம் கொசுவின் குரல்: "சரிப்பா. திரும்பறோம். அழாம பேசுங்க, புரியல."

நான் அழவில்லை. ரேடியோ சரியில்லை.

ஓட்டியது அவள்தான். ஓடுபாதைக்கு நேராக வந்துகொண்டிருக்கும்போது எஞ்சின் இரண்டு தடவை இருமி நின்றேபோனது. புரொப்பெல்லர் மட்டும் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. அப்படியே மிதந்து வந்து, பூவை வைக்கிற மாதிரி வைத்தாள். நான் மூடியில் கை வைக்கப் போனேன், தட்டிவிட்டாள். காதை மூடிக்குப் பக்கத்தில் வைத்து அவளே திறந்தாள். உஸ் என்றது. எஞ்சின் அடங்கியிருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

அவள் என்னைத் திட்டவில்லை. அதுதான் இப்போது தாங்க முடியவில்லை. உன் அக்கா அந்தக் குறையைத் தீர்த்துக்கொண்டிருக்கிறாள். சுவருக்கு அந்தப் பக்கம் குரல் கேட்கிறது.

பதினாறு நட்டுதான். எனக்கு அப்போதே தெரியும்.

அத்தான்


மார்ச் 21

அன்புள்ள அத்தானுக்கு,

என் கடிதத்தின் உறை உங்களிடம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். உள்ளே 14 என்று எழுதியிருக்கிறேன். வெளியே தபால் முத்திரை 16.

14-ஆம் தேதியே எழுதி, ஒட்டி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். தபால் பெட்டி என் அறைக்கு எதிரிலேயே இருக்கிறது. இரண்டு நாள் அதைத் தாண்டி நடந்தேன். விமானம் ஹேங்கரில்தான் நிற்கிறது என்று எழுதியிருந்தீர்கள், அதனால் ஆபத்தில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது காரணம் இல்லை. அங்கே எல்லோரும் இன்னும் இரண்டு நாள் 'அவன் இருந்திருந்தா' என்று சொல்லிக்கொண்டிருக்கட்டும் என்று இருந்தது. ஐந்து பக்கம் வந்தும் எனக்குப் போதவில்லை. அவள் உங்களுக்காகவே எழுதியிருந்தாள், அது பிடிக்கவில்லை. ஒரு நல்ல கோளாறைக் கண்டுபிடித்துவிட்டேன், கொடுக்க மனசு வரவில்லை.

அன்றே போட்டிருந்தால் 16-ஆம் தேதி உங்கள் கையில் இருந்திருக்கும்.

நீங்கள் ரேடியோவில் சொன்னீர்கள். எனக்கு ரேடியோ கிடையாது. இந்தக் கடிதத்தைக் கொசுவிடமும் அக்காவிடமும் படித்துக் காட்டுங்கள்.

துளையை ஊசியால் குத்தி மட்டும் விடாதீர்கள், பெயின்ட் தூள் தொட்டிக்குள் விழும். மூடியைத் தனியாகக் கழற்றி முழுசாகச் சுரண்டவும். இது நீங்கள் ஏற்கெனவே செய்திருப்பீர்கள் என்று தெரியும்.

மச்சினன்


மார்ச் 28

அன்புள்ள மச்சினனுக்கு,

படித்துக் காட்டினேன். உன் அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்து கேட்டாள். அப்புறம், "ரெண்டும் ஒரே அச்சு. நடுவுல நான் மாட்டிக்கிட்டேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். நம் இரண்டு பேரையும் ஒன்றாகச் சேர்த்துத் திட்டியது ரொம்ப நாளைக்குப் பிறகு இதுதான். கேட்க நன்றாகவே இருந்தது.

கொசு உன் கடிதத்தை வாங்கி அவளே ஒரு தடவை படித்தாள். "மாமாவும் பெயின்ட் அடிச்சிருக்கார்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

மூடியைச் சுரண்டிவிட்டேன். என் வெள்ளைக்கு அடியில் உன் சிவப்பு இருந்தது. அதையாவது காப்பாற்றலாம் என்று பார்த்தேன், இரண்டும் சேர்ந்தே வந்துவிட்டது. பழைய மேக்னெட்டோவையே திரும்ப மாட்டினேன். அதன் மேல் ஒரு தப்பும் இல்லை. கேப்டன் தொட்டி நிறைய நிரப்பிக்கொண்டு ஒரு மணி நேரம் தனியாகச் சுற்றிவிட்டு வந்தார். சுற்று காட்டுகிற முள் கொஞ்சம்கூட இறங்கவில்லை. இறங்கியதும் அவர் சொன்னது: "எஞ்சினுக்கு ஒண்ணும் இல்லை. மெக்கானிக்குங்கதான் கோளாறு." பன்மையில் சொன்னார். குறித்துக்கொள்.

அடையாளம் இல்லாமல் விடக்கூடாதே என்று மூடியில் நானே ஒரு கொசு வரைந்தேன். மூன்று நாள் எடுத்தது. ஊசியைச் சரியாகத் துளைக்குக் கொண்டுவந்து நிறுத்தினேன். கொசு பார்த்துவிட்டு, "அப்பா, இது வண்டி இழுக்கிற மாடா?" என்றாள். உன்னுடையது நாற்காலியாகவாவது இருந்தது.

இன்று காலை அவள் தனியாகப் போனாள். ஏறுவதற்கு முன்னால் மூடிக்கு மேல் குனிந்து, மாட்டின் கொம்பு முடிகிற இடத்தில் நகத்தை வைத்துத் துளையைப் பார்த்தாள். பிறகு பதிவேட்டை வாங்கி என் கையெழுத்தை உற்றுப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புத்தகத்தை மூடி என்னிடம் கொடுத்துவிட்டு ஏறிவிட்டாள்.

மூன்று சுற்று. மூன்று தடவையும் சுத்தமாக இறக்கினாள். இறங்கியதும் யாரிடம் முதலில் வருவாள் என்று நான் ஒரு மாதிரி எதிர்பார்த்துக்கொண்டு முன்னால் நின்றேன், மறைப்பானேன். வந்தாள். வந்து, "மாமாவுக்கு எழுதிடுங்க" என்றாள்.

எழுதிவிட்டேன். எனக்கு இன்னும் எரிகிறது என்பதையும் எழுதிவிடுகிறேன். மறைத்துவைத்தால் எங்கேயாவது பெயின்ட் அடித்துவிடுவேன்.

மூடிக்குச் செய்த வேலையைப் பதிவேட்டில் எழுதும்போது, செய்தவன் என்ற இடத்தில் நான் போட்டுவிட்டேன். சோதித்தவன் என்ற இடத்தில் கேப்டன் பேனாவை எடுத்தார். விதிப்படி அவர் போடலாம், போட்டும் விட்டார். ஆனால் ஏப்ரல் 20-ஆம் தேதி வருடாந்தரச் சோதனை வருகிறது. அதில் சோதித்தவன் என்ற இடத்தைப் பென்சிலால் வட்டம் போட்டுக் காலியாக வைத்திருக்கிறேன். நான் முறுக்கி வைக்கிறேன். நீ வந்து எல்லோர் முன்னாலும் ஸ்பேனர் வைத்துப் பார்.

பதினாறு நட்டு.

உன் அத்தான்